தியேட்டரில் படம் திருடினால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தியேட்டர் சர்வர், புரொஜெக்டர் பராமரிப்பது என் வேலை. அது தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட சாம்பார் வருவதற்குள் இதைத்தான் கேட்பார். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

"எந்தத் தியேட்டர்ல எடுத்தாங்கன்னு கண்டுபிடிச்சிடுறாங்களாமே, நிஜமாவா?"

நிஜம்தான். படம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு மறைகுறி கலக்கப்படுகிறது. வாட்டர்மார்க் என்று சொல்வோம். திருட்டுப் பிரதி கையில் கிடைத்ததும் அதற்கான மென்பொருளில் போட்டுப் பார்த்தால், எந்தச் சர்வரில், எந்தத் தேதியில், எந்தக் கால் மணி நேரத்தில் ஓடியது என்பது வந்துவிடும். 2018இல் கிருஷ்ணகிரியில் ஒரு தியேட்டர் உரிமையாளர் கைதானது இப்படிப் பிரதியில் இருந்த குறி வழியாகத்தான்.

குறி சொல்வது அவ்வளவுதான். ஆள் யார் என்று அதற்குத் தெரியாது. முக்கால்வாசிக் குழப்பம் இதில்தான் வருகிறது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

"அந்தக் குறி கண்ணுக்குத் தெரியுமா? முன்னாடி படத்துல புள்ளிப் புள்ளியா வருமே, அதுவா?"

அது வேறு காலம். பிலிம் பிரிண்ட் இருந்த நாளில், 1982இல் கோடாக் ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிரிண்டிலும் சில இடங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள். எந்த ஃபிரேமில், அதாவது ஓடும் படத்தின் எந்தத் தனிப் படத்தில், எந்தப் புள்ளி என்பது பிரிண்டுக்குப் பிரிண்ட் மாறும். திருட்டுப் பிரதியில் அதைப் பார்த்து எந்தப் பிரிண்ட் என்று பிடிப்பார்கள். பிற்பாடு ஹாலிவுட் படங்களில் அந்தப் புள்ளிகள் பெரிதாகி, வெளிச்சமான வானத்துக்கு நடுவில் பழுப்பாக வந்து விழுந்ததில் ரசிகர்கள் கடுப்பானார்கள்.

இப்போதைய குறி கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த முறைக்கு அங்கீகாரமே கிடைக்காது. பெரிய திரையில், தேர்ந்த கண்கள் உட்கார்ந்து, குறி உள்ள படத்தையும் இல்லாத படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அனுமதிப்பார்கள்.

"அப்ப ஒவ்வொரு தியேட்டருக்கும் தனித்தனிக் காப்பி போட்டு அனுப்புறாங்களா?"

இல்லை. எல்லாருக்கும் போவது ஒரே கோப்பு. அம்பத்தூருக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் ஹார்ட் டிஸ்கிலோ சாட்டிலைட்டிலோ போவதில் ஒரு பைட் வித்தியாசம் கிடையாது. குறியைப் போடுவது தியேட்டரில் இருக்கும் சர்வர். பூட்டிய படத்தைத் திறந்து, விரித்து, புரொஜெக்டருக்குக் கொடுக்கும் அந்தக் கணத்தில் தன் அடையாளத்தைப் படத்திலும் ஒலியிலும் கலந்துவிடும்.

இதற்கு விதி வகுத்தது டிசிஐ. 2002இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் ஏழு சேர்ந்து அமைத்த குழு அது. விதிகளின் முதல் பதிப்பு 2005 ஜூலையில் வந்தது. நம் ஊரில் எல்லாத் திரைகளும் அந்தத் தரத்தில் இல்லை. ஆனால் அவற்றில் ஓடும் நம் நாட்டு முறைகளிலும் சர்வரே குறி போடும் ஏற்பாடு உண்டு. கீழே சொல்லும் எண்கள் டிசிஐ விதிப்படியானவை.

"அப்படி என்னதான் அதுல எழுதியிருக்கும்?"

மொத்தம் 35 பிட். ஒரு பிட் என்பது 0 அல்லது 1. தியேட்டர் பெயர், ஊர் எதுவும் எழுத்தாக இருக்காது, வெறும் எண். அதில் 19 பிட் இடத்துக்கு. 19 பிட்டில் 5,24,288 வெவ்வேறு எண்கள் அடங்கும். எந்த எண் எந்தக் கருவி என்பதற்குத் தனிப் பதிவேடு உண்டு.

மீதி 16 பிட் நேரத்துக்கு. ஒரு நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் 96. லீப் வருஷத்துக்கும் சேர்த்து 366 நாள் என்று பெருக்கினால் 35,136. இவ்வளவையும் 16 பிட்டில் தாராளமாக அடக்கலாம். வருஷம் மட்டும் அதில் கிடையாது. படம் எந்த வருஷம் வந்தது என்பது ஊருக்கே தெரியும், அதற்கு எதற்குப் பிட்டை வீணாக்க வேண்டும்?

இந்த 35 பிட்டும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் முழுசாக அடங்கியிருக்க வேண்டும். வினாடிக்கு 24 வீதம் ஐந்து நிமிடம் என்றால் 7,200 ஃபிரேம். அவ்வளவு ஃபிரேமில் 35 பிட் என்பது, ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க ஒரு கைப்பேசி எண்ணைப் பொடிப்பொடியாகத் தூவிவைப்பது மாதிரி. வேண்டுமென்றே அவ்வளவு நீர்க்க வைத்திருக்கிறார்கள். காரணம் அடுத்த பதிலில்.

"செல்போன்ல சாய்ச்சு எடுத்து, சுருக்கி, வாட்ஸாப்புல அனுப்பினா அழிஞ்சிடாதா?"

அழியாது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 2001இல் ஃபிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் இரண்டு பேர் ஒரு முறையை வெளியிட்டார்கள். குறியைப் படத்தின் ஏதோ ஒரு மூலையில் வைக்காமல், நேரத்தில் வைப்பது. ஒரு ஃபிரேமின் மொத்த வெளிச்சத்தைத் துளி ஏற்றுவது, இன்னொன்றில் துளி இறக்குவது. ஏற்றமும் இறக்கமும் ஒரு ரகசிய வரிசையில் போகும். கோடைக்காலத்தில் வீட்டில் வோல்டேஜ் லேசாக ஏறி இறங்கும்போது குழல் விளக்கு மாறுவது நமக்கு உறைக்காது இல்லையா, அதைவிடக் குறைவான மாற்றம் இது.

இப்போது சாய்த்து எடுங்கள். சதுரம் சரிவகமாகும், ஓரம் வெட்டுப்படும், முன் வரிசைக்காரர் தலை மறைக்கும். எதுவானாலும் ஒரு ஃபிரேம் அடுத்ததைவிட வெளிச்சம் என்ற வரிசை அப்படியே இருக்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றினாலும் இருக்கும். கண்ணாடியில் தெரிவது போல இடவலம் திருப்பிப் போட்டாலும் இருக்கும்.

சரி, போன் கேமராவே வெளிச்சத்தை ஏற்றி இறக்குமே, அதில் கலந்துபோகாதா என்று ஒருவர் மடக்கினார். கலக்கும். திருவிழா இரைச்சலுக்கு நடுவே தூரத்தில் மேளம் கேட்கிறது. தாளம் தெரியாதவனுக்கு அது வெறும் சத்தம். தெரிந்தவன் பத்து நிமிடம் காது கொடுத்தால் ஆதி தாளம் என்று சொல்லிவிடுவான். கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு அந்த ரகசிய வரிசை முன்பே தெரியும். இரைச்சல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், வரிசை மட்டும் திரும்பத் திரும்ப வரும். அதனால் கூட்டிக்கொண்டே போகும்போது இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். மிகவும் கெட்டுப்போன பிரதிக்குத்தான் நிறைய நேரம் தேவைப்படும். 30 நிமிடப் படம் கிடைத்தால் உறுதியாகப் படித்துவிட வேண்டும் என்பது விதி.

"ரெண்டு தியேட்டர்ல எடுத்து ஒட்டிட்டா?"

முதல் பாதி ஒரு ஊர், இரண்டாம் பாதி இன்னொரு ஊர் என்றால் இரண்டு ஊரும் மாட்டும். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முழுக் குறியும் வந்துவிடுகிறது என்று சொன்னேனே.

படம் ஒரு இடம், சத்தம் இன்னொரு இடம் என்பதுதான் அதிகம் நடப்பது. அமெரிக்காவில் காது சரியாகக் கேளாதோருக்குத் தியேட்டரே ஹெட்போன் கொடுக்கும். அதிலிருந்து ஒலியை நேராக உறிஞ்சிக்கொள்வார்கள். கைதட்டல், விசில் எதுவும் இருக்காது. படத்தை வேறொருவர் எடுப்பார். ஒலியிலும் தனியாகக் குறி போடுவது இதனால்தான். இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டு தியேட்டர் வரும். என்னைக் கேட்டால், அப்படிக் கோத்து வேலை செய்யும் கும்பலை வெளியே கொண்டுவர இரண்டு முகவரி கிடைப்பது ஒன்றைவிட நல்லது.

"படம் பூட்டுப் போட்டுத்தானே வருது? அப்புறம் எதுக்குக் குறி?"

பூட்டு உண்டு, கெட்டியான பூட்டு. படம் ஏஇஎஸ் 128 பிட் என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி தனியாக ஒரு சின்னக் கோப்பாக வரும். கேடிஎம் என்பார்கள், கேபினில், அதாவது புரொஜெக்டர் அறையில், எல்லாரும் சொல்வது 'கீ'. ஒரு கீ ஒரு சர்வருக்குத்தான் செல்லும். பக்கத்து ஸ்கிரீனில் போட்டால் வேலைக்காகாது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று நேரமும் அதிலேயே இருக்கும்.

பெரிய படம் வெளியாகும் முந்தின ராத்திரி கேபினில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோப்பு முழுக்க ஏறிவிட்டது. வெளியே பட்டாசு. கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்கள். உள்ளே திரையில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம். கீ மெயிலில் வந்து, பென் டிரைவில் ஏற்றி, செருகியும் ஆயிற்று, ஆனால் தொடங்கும் நேரம் இன்னும் வரவில்லை. ஆபரேட்டர் அண்ணன் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ரிஃப்ரெஷ் அடித்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு பூட்டும் திரை வரைக்கும்தான். திரையில் விழுந்தது வெறும் வெளிச்சம். வெளிச்சத்துக்குப் பூட்டுப் போட முடியாது. அங்கிருந்துதான் குறியின் வேலை தொடங்குகிறது.

"தியேட்டர்காரரே குறியை ஆஃப் பண்ணிட்டா? சர்வர் கடிகாரத்தை மாத்திட்டா?"

குறியை நிறுத்தும் வசதி இருக்கிறது, ஆனால் அது தியேட்டர் கையில் இல்லை. படத்துக்கு உரியவர் தரும் கீக்குள்தான் அந்த அனுமதி இருக்க முடியும்.

கடிகாரமும் அப்படியே. வருஷம் முழுக்கச் சேர்த்து ஆறு நிமிடத்துக்கு மேல் முன்னே பின்னே நகர்த்த முடியாது. பழைய கீயை வைத்துக்கொண்டு தேதியைப் பின்னால் தள்ளிப் படம் ஓட்டலாம் என்று நினைத்தவர்களுக்காக வைத்த விதி. நேரக் குறி நம்பகமாக இருப்பதும் இதனால்தான்.

பெட்டியைத் திறந்து உள்ளே கைவைக்கலாமே என்பார்கள். சர்வரில் படத்தைத் திறக்கும் மின்சுற்றுப் பலகை புரொஜெக்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இரண்டையும் இணைத்து வைத்திருப்பதற்குத் தொழிலில் பெயரே 'மேரேஜ்'. அந்தப் பலகையை உருவினால் கல்யாணம் முறிந்துவிடும். அதிகாரம் உள்ள ஆள் நேரில் வந்து மறுபடி சேர்த்துவைத்தால்தான் படம் ஓடும். பலகையையே உடைத்துத் திறந்தால் உள்ளே இருக்கும் ரகசிய எண்கள் தாமாக அழிந்துவிடும். கதவைத் திறந்தது, படம் தொடங்கியது, முடிந்தது எல்லாம் பதிவேட்டில் ஏறும். அதை யாரும் திருத்த முடியாதபடி டிஜிட்டல் கையெழுத்தும் இருக்கும்.

"வேற தியேட்டர் குறியைப் போலியா வச்சு அவங்களை மாட்டிவிட முடியுமா?"

தொழில் தெரிந்தவர் கேட்ட கேள்வி. அதற்கு அந்த ரகசிய வரிசை கையில் இருக்க வேண்டும். அது மேலே சொன்ன பலகைக்குள் இருக்கிறது. ஒருவேளை எப்படியோ வைத்துவிட்டார்கள் என்றாலும், குறி சொல்லும் நேரத்தில் அந்தச் சர்வரில் அந்தப் படம் ஓடியதா என்று பதிவேடு காட்டிவிடும். குறியும் பதிவேடும் ஒத்துப்போகாவிட்டால் வழக்கு நிற்காது.

"தியேட்டர் தெரிஞ்சாச்சு. ஆளை எப்படிப் பிடிப்பாங்க?"

இங்கேதான் கணக்கு முடிந்து அலைந்து தேடும் வேலை ஆரம்பம். குறி சொன்ன நேரத்தை வைத்து எந்தக் காட்சி என்று எடுப்பார்கள். அந்தக் காட்சிக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்தவர்கள் யார், நுழைவாயில் சிசிடிவியில் யார், அதே கைப்பேசி எண் இதற்கு முன் எத்தனை படத்துக்கு முதல் நாள் எடுத்திருக்கிறது என்று போகும்.

எந்த இருக்கை என்பதைக்கூடப் பிரதியே சொல்லும். திரை சரிவகமாகத் தெரியும் விதத்தை அளந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று வரும். ஒலி வழியாக இன்னும் நுட்பமாகப் போகலாம். ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியிலும் வேறு வேறு குறியை வைத்தார்கள். ஒவ்வொன்றும் மைக்குக்கு வந்து சேர எடுத்த நேர வித்தியாசத்தைக் கொண்டு, எடுத்தவர் உட்கார்ந்த இடத்தைச் சராசரியாக அரை மீட்டருக்குள் சொன்னார்கள். அரை மீட்டர் என்பது ஒரு நாற்காலி. நாம் போகும் தியேட்டர்களில் இது வழக்கத்துக்கு வரவில்லை.

2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டார். சாய்வு இருக்கையில் தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியில் போனைச் செருகி வைத்து ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். முன்பு அங்கே எடுக்கப்பட்ட ஒரு மலையாளப் படத்தைத் துப்பறிந்து வந்த கொச்சி சைபர் போலீஸ் வலை விரித்துக் காத்திருந்தது. ஒரு தடவை ஒரு தியேட்டர் தெரிந்தால், அடுத்த தடவை எங்கே காத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். குறியின் பெரிய பயன் இதுதான் என்பேன்.

"எடுக்கவே முடியாதபடி திரையில ஏதாவது பண்ண முடியாதா?"

முயன்றிருக்கிறார்கள். தியேட்டர் திரையில் ஒலி வருவதற்காகப் பொடித் துளைகள் இருக்கும், ஸ்பீக்கர் பின்னால்தானே இருக்கிறது. 2009இல் ஜப்பானின் தேசியத் தகவலியல் நிறுவனமும் ஷார்ப் நிறுவனமும் அந்தத் துளைகள் வழியாக அகச்சிவப்பு ஒளியை விட்டுப் பார்த்தன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் மட்டும் வெள்ளையாக அப்பும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை லென்ஸ் முன் மாட்டினால் முடிந்தது கதை.

இன்னொரு வழி, கேமராவைத் தேடுவது. ராத்திரி ரோட்டில் பூனைக் கண் வண்டி வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவது போல, கேமரா சென்சாரும் செய்யும். அதைக் கண்டுபிடித்து, அந்த லென்ஸுக்குள்ளேயே ஒளிக்கற்றையைப் பாய்ச்சிக் குருடாக்கும் மாதிரிக் கருவியை 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். எல்லார் பையிலும் ஒரு கேமரா இருக்கும் இந்தக் காலத்தில், ஹீரோ அறிமுகக் காட்சிக்கு 300 போன் மேலே எழும்பும்போது அந்தக் கருவி எதைப் பிடிக்கும்?

கேபின் ஜன்னலில் நின்று பார்த்தவரைக்கும் ஒன்று சொல்வேன். கையைத் தூக்கி எடுப்பவர் திருடர் இல்லை, ரசிகர். திருடர் போன் திரையை அணைத்து வைத்திருப்பார், அசையவே மாட்டார், சிரிப்பு வந்தாலும் சிரிக்க மாட்டார். டார்ச்சோடு இருட்டில் இரண்டு சுற்று நடக்கும் ஒரு ஆள் இதற்கு உதவும் அளவுக்கு எந்தக் கருவியும் உதவி நான் பார்க்கவில்லை.

"டைட்டில் கார்டு மட்டும் ஸ்டேட்டஸுக்கு எடுத்தேன். அதுவும் குற்றமா?"

ஒளிப்பதிவுச் சட்டத்தில் 2023இல் திருத்தம் வந்தது. உரிமம் பெற்ற தியேட்டரில் திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்கத்தோடு பதிவுக் கருவியைப் பயன்படுத்துவது குற்றம். முழுப் படம்தான் என்றில்லை, ஒரு பகுதியும் சேர்த்தி, முயற்சியும் சேர்த்தி. மூன்று மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, கணக்குத் தணிக்கை செய்த மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். 200 கோடிப் படம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2004இல், திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

பத்து வினாடி ஸ்டேட்டஸுக்கு யாரும் வாட்டர்மார்க் படிக்க உட்கார மாட்டார்கள். அதை நம்பி எடுக்கவும் வேண்டாம், 'ஒரு பகுதி' என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. ஜப்பானில் இன்னும் கறார். 2007இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். 10 வருஷம் வரை சிறை. படம் தொடங்கும் முன் கேமராத் தலை வைத்த ஒரு திருடன் ஆடிக்கொண்டே பிடிபடும் விளம்பரம் அங்கே ஒவ்வொரு காட்சிக்கும் ஓடும்.

"ரிலீஸுக்கு முன்னாடியே வந்துடுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அது தியேட்டரில் நடப்பது இல்லை. எடிட்டிங், டப்பிங், கிராபிக்ஸ், தணிக்கை என்று கை மாறும் பிரதிகளிலிருந்து போவது. 2016இல் ஒரு இந்திப் படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன் நெட்டில் வந்தபோது, 'ஃபார் சென்சார்' என்ற எழுத்து மூலையில் அப்படியே இருந்தது. ஆளுக்கொரு குறி போட்டுக் கொடுத்தால் இங்கே ஆளே நேராகக் கிடைப்பார். ஆஸ்கர் ஓட்டாளர்களுக்கு அனுப்பிய கேசட்டுகள் நெட்டுக்குப் போனபோது, குறி வழியாக நடிகர் கார்மைன் காரிடி பிடிபட்டார். 2004இல் ஆஸ்கர் விருது தரும் அகாடமி அவரை நீக்கியது.

"இப்பல்லாம் எச்டி பிரிண்டே வருதே? ஓடிடியில இந்தக் குறி கிடையாதா?"

உண்டு, வேறு வடிவில். படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் குறி மாற்றி இரண்டு விதமாக வைத்திருப்பார்கள். உங்களுக்கு முதல் துண்டு ஒன்றாம் விதம், அடுத்தது இரண்டாம் விதம், மறுபடி இரண்டு, அப்புறம் ஒன்று என்று போகும். அந்த வரிசை உங்கள் கணக்குக்கு மட்டும் உரியது. தியேட்டரில் கிடைக்காத ஆள் விவரம் இங்கே கிடைக்கும். திருடிய கணக்காக இருந்தால் அதுவும் பயனில்லை.

"திருட்டுப் பிரதி கண்ணுல பட்டா யார்கிட்ட சொல்றது?"

படத்தின் தயாரிப்பாளர் அல்லது விநியோகஸ்தர் அலுவலகத்துக்கு முதலில் சொல்லுங்கள். 2023 நவம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதற்கென்று தணிக்கை வாரியத்திலும் பத்திரிகைத் தகவல் அலுவலகத்திலும் அதிகாரிகளை நியமித்தது. அவர்கள் உத்தரவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அந்த இணைப்பை நீக்க வேண்டும். உரிமையாளர் புகார் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். மற்றவர் கொடுத்தால் உண்மையா என்று விசாரித்த பிறகே உத்தரவு வரும்.

சொல்லும்போது ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள். ஒற்றைப் படத்தில் அந்த வெளிச்ச வரிசை இருக்காது. இணைப்பையும் எப்போது பார்த்தீர்கள் என்பதையும் கொடுங்கள், முழுப் பிரதியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.